பாவாவின் மெகர் பெட்டி

எங்க பாவா எதையும் ஒரு தடவைதான் பார்ப்பாரு. ரெண்டாவது தடவை பார்க்கிறது அவருக்கு அவமானம். பார்க்காம எதையும் நம்ப மாட்டாரு. பார்த்துட்டாரோ, அப்புறம் முருகனே மலையிலேர்ந்து இறங்கி வந்து வேற மாதிரி சொன்னாலும் மாத்திக்க மாட்டாரு. அக்கா புருஷன் ஆச்சே, அதனால நான் வாயைத் தொறந்து ஒண்ணும் சொன்னதில்ல. மனசுக்குள்ள எவ்வளவோ திட்டியிருக்கேன்.

கிணத்துக்குப் புதுக்கயிறு வாங்கினா, அத்த ராட்டினத்துல போட்டு, தானே ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொங்குவாரு. தெருவே நின்னு பார்க்கும். தொங்கிட்டு இறங்கி, வேட்டிய உதறிகினு, "ஆங், நல்ல கயிறு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவாரு. கொஞ்ச நாள் கழிச்சு அதே கயிறு இத்துப்போயி, தவலை கிணத்துக்குள்ள விழுந்துடுச்சு. அக்கா அறுந்த முனைய எடுத்தாந்து அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டினா. வாங்கி வெளிச்சத்துல வச்சுப் பார்த்தாரு. "கயிறு நல்ல கயிறுதாம்மே. நான்தான் பார்த்தேனே"ன்னாரு. கோவமா வந்த அக்காவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு வரல. தவலைய எடுக்க கிணத்துல இறங்கினது நான்தானே.

அக்காவையே அப்படித்தான் பார்த்தாராம். எங்க சொந்த ஊரு பொதட்டூர்பேட்டை, தறிக்காரக் குடும்பம். பொண்ணு பார்க்க வந்தவரு தட்டுல வச்ச பஜ்ஜியத் தொடல. அக்காவைப் பார்த்து, "உனக்கு மெட்ராஸுக்கு வர இஷ்டமா, உங்க நைனா சொல்றதுக்காக வர்றியா?"ன்னு கேட்டாரு. எங்க ஊருல எவனும் பொண்ணுகிட்ட அப்படிக் கேட்டதில்ல. அக்கா தலையக் குனிஞ்சுகினே, "இஷ்டம்தான்"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நகை, சீர், ஜாதகம் எதையும் அவரு கேக்கல. கேட்டது அவங்க அம்மாதான். ஆயுசுக்கும் அக்கா மேல ஒரு சந்தேகம், ஒரு கேள்வி, ஒண்ணும் வந்ததில்ல. அந்த மட்டுக்கும் என் அக்கா குடுத்து வச்சவ.

மெட்ராஸ்ல டிராம் ஷெட்டுல அவருக்கு வேலை. டிராம் வண்டி ஓடுறது டி.சி. கரண்ட்ல. அதுல அவருக்கு இருந்த மரியாதைய நான் வேற யார்கிட்டயும், எதுலயும் பார்த்ததில்ல. "டி.சி.ன்னா போனா ஒரே வழிதான் மச்சான். ஏ.சி. அப்படி இல்ல. போவும், வரும், போவும், வரும். அதுக்கு ஒரு முடிவே கிடையாது"ம்பாரு. நான் ஜட்கா ஓட்டுறவன். திருத்தணி ஸ்டேஷன்லேர்ந்து மலை அடிவாரத்துக்கு, திரும்ப ஸ்டேஷனுக்கு. "அப்போ நானும் ஏ.சி.தானா பாவா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஆமா"ன்னாரு. தமாஷ் பண்ணத் தெரியாத மனுஷன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு மெட்ராஸே காலியாச்சு இல்ல, அந்த வருஷம்தான் ரெண்டு பேரும் திருத்தணிக்கு என் வீட்டுக்கு வந்தாங்க. ரயிலுக்கு ரயில் ஜனம் இறங்கிகினு இருந்துச்சு. அண்டா, குண்டா, ஆட்டுக்கல்லு, தையல் மிஷினுன்னு ஆளாளுக்கு ஒண்ண தூக்கிகினு வந்தாங்க. எங்க பாவா அக்காவோட பட்டுப்புடவைய சுத்தி, குழந்தைய தூக்கற மாதிரி ஒரு பெட்டிய தூக்கிகினு இறங்கினாரு. அதுதான் மெகர் பெட்டி. ஷெட்டுல புதுசு வாங்கினப்போ பழச இவருக்குக் குடுத்துட்டாங்களாம்.

பெட்டியோட பக்கத்துல ஒரு கைப்பிடி இருக்கும். அத்த வேகமா சுத்தினா பெட்டி தானே டி.சி. கரண்ட் பண்ணும். ரெண்டு ஒயரு வெளிய வரும். ஒயரு முனைய எது மேல வைக்கிறமோ அதுல கரண்ட் கசியுதான்னு கண்ணாடிக்குள்ள இருக்கிற முள்ளு சொல்லிடும். கசிஞ்சா முள்ளு விழுந்துடும். கசியலன்னா கடைசிக்குப் போயி, எட்டு படுத்துகினு இருக்கிற மாதிரி ஒரு குறி போட்டிருக்கும், அது மேல நிக்கும். வந்த மறுநாளே என் கையில ரெண்டு ஒயரையும் குடுத்து, "புடி மச்சான்"ன்னு சொல்லிட்டு சுத்தினாரு பாருங்க, தோள் வரைக்கும் வெட்டி இழுத்துடுச்சு. நான் கத்தின கத்துல குதிரை கயித்த அறுத்துகினு ஓடிடுச்சு. அவரு முள்ளைப் பார்த்துகினே, "மனுஷன் எல்லாமே கசிவுதான்"னு தனக்குத்தானே சொல்லிகினாரு.

அவங்களுக்கு ஒரே பையன். நல்லா படிச்சான், ஒயர்லெஸ் கத்துகினான், சண்டைக்கு ஆள் எடுத்தப்போ விமானப் படையில சேர்ந்துட்டான். விமானத்துல பின்னாடி உட்கார்ந்துகினு ஒயர்லெஸ்ல பேசற வேலை. அக்கா மூணு நாள் சாப்பிடல. பாவா பையனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அவன் ஏதோ பதில் சொன்னான். "போயிட்டு வா"ன்னுட்டாரு. என்ன கேட்டாருன்னு அக்காகிட்ட கூட அவரு சொல்லல.

அந்தச் சமயத்துலதான் கனகம்மாசத்திரம் ரோட்டுப் பக்கம் இருக்கிற பாறை மலை மேல பட்டாளத்துக்காரங்க ஒரு மிஷின் கொண்டாந்து வச்சாங்க. இப்போ ரேடார்னு சொல்றாங்க. அப்போ அந்தப் பேரை வாயால சொல்லக் கூடாது. நாங்க மலை மிஷின்னு சொல்லுவோம். பெரிய சல்லடை மாதிரி ஒண்ணு சுத்திகினே இருக்கும். அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத அலை போயி, வானத்துல விமானம் இருந்தா அது மேல பட்டுத் திரும்பி வரும். உள்ள ஒரு கண்ணாடியில புள்ளி தெரியும். மேகத்துக்குள்ள விமானம் மாட்டிகிச்சுன்னா, அந்தப் புள்ளியப் பார்த்து, இப்படித் திரும்பு, இப்படி இறங்குன்னு ஒயர்லெஸ்ல சொல்லி, அரக்கோணத்துல இருந்த விமான மைதானத்துக்கு இறக்கிடுவாங்க. இதெல்லாம் நான் பின்னாடி தெரிஞ்சுகினது. கரண்ட் வேலை தெரிஞ்ச ஆள் வேணும்னு கேட்டாங்க, பாவாவுக்கு அங்க பேட்டரி ஷெட்டுல வேலை கிடைச்சுது.

மிஷினுக்குக் காத்து ஆகாது, மழை ஆகாது, எல்லாத்துக்கும் மேல நம்ம திருத்தணி குரங்கு ஆகாது. சல்லடை மேல ஏறி ஊஞ்சல் ஆடும். அதனால அது மேல ஒரு கூடு போட்டிருந்தாங்க, சீமையிலேர்ந்து வந்த பலகைக் கூடு. நம்ம ஊரு வெயில்ல அது ஒரே கோடையில பட்டை பட்டையா உரிஞ்சுபோச்சு. வேற கூடு வர்றதுக்குக் கப்பல் இல்ல. அதனால இங்கேயே பண்ணிக்கலாம்னு அங்க பெரிய அதிகாரியா இருந்த வெள்ளைக்கார துரை முடிவு பண்ணாரு. கூட்டுல இரும்பு கூடாது, ஒரு ஆணி கூட கூடாது. அலை தங்குதடையில்லாம போயி வரணும். தேர் வேலை செய்யற ஆசாரிங்கள வச்சு, ஆணி இல்லாம மர முளை அடிச்சே சட்டம் கட்டினாங்க. மேல போர்த்தறதுக்குக் கெட்டித்துணி, ரெண்டு அடுக்கு. அத்த பொதட்டூர்பேட்டைல நெய்யச் சொல்லி, பாவாதான் போயி ஏற்பாடு பண்ணாரு.

எங்க ஊருக்காரங்கள பத்தி உங்களுக்குத் தெரியாது. பாவு நூலுக்குக் கஞ்சி போடாம தறி ஏறாது. ஆனா நெய்ஞ்ச துணிக்கும் மேல ஒரு கஞ்சி போட்டுத்தான் வெளிய அனுப்புவாங்க. வாங்கறவன் கையில எடுத்தா மொடமொடன்னு இருக்கணும், அதுதான் அவங்களுக்கு கௌரவம். இது துரை கேட்ட துணி வேற. சண்டைக்குப் போற துணின்னு பெருமை தாங்காம, வழக்கமா போடறதுக்கு ரெண்டு மடங்கு கஞ்சி போட்டு, பலகையாட்டம் பண்ணி அனுப்பிட்டாங்க. யாரும் அவங்கள அப்படிப் பண்ணச் சொல்லல.

துணியக் கட்டி, ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சு, சித்திரை வெயில்ல காய வச்சாச்சு. பாவா பெட்டிய எடுத்துகினு போயி, ஒயர வச்சு சுத்திப் பார்த்தாரு. முள்ளு கடைசியில போயி நின்னுச்சு. மிஷினை ஓட்டிப் பார்த்தாங்க. புள்ளி பளிச்சுன்னு தெரிஞ்சுதாம். துரை பாவா கையப் புடிச்சுக் குலுக்கினாரு. அன்னைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வந்த மனுஷன் அக்காவுக்கு மல்லிப்பூ வாங்கியாந்திருந்தாரு. அவரு பூ வாங்கினத நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அக்கா பூவ வச்சுகினே கேட்டா. "ஏங்க, துணியில கஞ்சிய அலசினாங்களா?"

"எதுக்கு?"

"கஞ்சித்துணி ஈரத்தக் குடிக்குங்க. கார்த்திகை மார்கழியில பெட்டிக்குள்ள வச்ச புடவையே நமுத்துப்போவுது."

"மேல வார்னிஷ் அடிச்சாச்சு."

"வார்னிஷ் மேல இருக்குது. கஞ்சி உள்ள இல்ல இருக்குது?"

"முள்ளு பார்த்தேம்மே. கடைசியில போயி நின்னுச்சு."

"சித்திரையில பார்த்தீங்க. சித்திரையில அப்பளம் கூட நமுக்காது."

நான் கொல்லுன்னு சிரிச்சுட்டேன். பாவா ரெண்டு நாள் எங்க யாரோடயும் பேசல. அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு. அக்கா சும்மா சொன்னா, அவரு சும்மா கோச்சுகினாரு, அப்படித்தான் நான் நினைச்சேன்.

ஆவணியில பையன் லீவுல வந்தான். ஒட்ட வெட்டின முடி, காக்கி நிஜாரு, கறுத்துப்போயிருந்தான். அரக்கோணத்துக்கே அவனை மாத்தியிருந்தாங்க. எனக்கு சந்தோஷம் தாங்கல. ஜட்காவுல அவனையும் பாவாவையும் ஏத்திகினு பாறை மலை அடிவாரத்துக்குப் போனேன். கீழேர்ந்து பார்த்தா கூடு வெள்ளையா தெரியும்.

"நைனா பண்ணதா அது?"ன்னு கேட்டான்.

"ஆசாரிங்க பண்ணாங்க, தறிக்காரங்க நெய்ஞ்சாங்க. நான் பார்த்தேன்"னாரு பாவா.

பையன் என் பக்கம் திரும்பி, "மாமா, உங்க குதிரைக்காவது வழி தெரியும். மேகத்துக்குள்ள போயிட்டா எங்களுக்கு மேல எது கீழ எதுன்னே தெரியாது. நகரி மலை எந்தப் பக்கம் நிக்குதுன்னு கீழேர்ந்து இவங்க பார்த்து சொன்னாத்தான் உண்டு"ன்னான். சாதாரணமா சொன்னான்.

பாவா அவன் தோள் மேல கை வச்சாரு. "மிஷின் பார்க்கும். நீ தைரியமா போ. நான் முள்ளு பார்த்தாச்சு."

பையன் தலைய ஆட்டினான். அவங்க அப்பா பார்த்துட்டாருன்னா அவனுக்கும் அது முடிஞ்சுபோன விஷயம். அப்படியே வளர்ந்தவன்.

ஐப்பசியில அடைமழை புடிச்சுது. கொசஸ்தலை ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டு ஓடிச்சு. ஸ்டேஷனுக்கு வெளிய வண்டிக்குள்ள கோணிய போர்த்திகினு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம்தான், ஆனா இருட்டு. மேகத்துக்கு மேல விமான சத்தம் கேட்டுச்சு. அரக்கோணம் பக்கம் போச்சு, திரும்ப வந்துச்சு, எங்க தலைக்கு மேலயே சுத்திச்சு. பிளாட்பாரத்துல இருந்தவங்க எல்லாம் அண்ணாந்து பார்த்தாங்க. மழையத் தவிர ஒண்ணும் தெரியல. யாரோ பாவம், இறங்க முடியாம சுத்துதுன்னு நானும் சொன்னேன்.

அந்த நேரத்துல மலை மேல நடந்தத பாவாவே எனக்குச் சொன்னாரு. ஒரே ஒரு தடவை சொன்னாரு. கண்ணாடியில புள்ளியே வரலையாம், வெறும் மசமசப்பு. துரை தலையில கை வச்சுகினு வெளிய ஓடியாந்தாரு. மழையில கூட்டைப் பார்த்தாரு, பாவாவைப் பார்த்தாரு. "துணியக் கிழிச்சுடலாமா?"ன்னு கேட்டாரு. கிழிச்சா மிஷின் நனைஞ்சு கெட்டுப்போயிடும், ஆனா துணிதான் மறைக்குதுன்னா கொஞ்ச நேரமாவது தெரியும். பாவா சொன்னாரு, "இருங்க சார், பார்த்துடறேன்."

பெட்டிய எடுத்துகினு கூட்டுக்குள்ள ஏறினாரு. வார்னிஷ் அடிச்ச உள்பக்கம் காஞ்சுதான் இருந்துச்சு. ஒயர வச்சு, கைப்பிடிய சுத்தினாரு. முள்ளு கடைசிக்குப் போயி அந்தப் படுத்த எட்டு மேல நின்னுச்சு. மேல விமானம் சுத்திகினு இருந்தது அவரு காதுல விழுந்துகினே இருந்துச்சாம். கீழ பார்த்து, "துணி நல்லா இருக்குது சார்"னு கத்தினாரு. துரை கிழிக்கல. மிஷினுக்குள்ள பல்பு, கில்பு எதையோ மாத்திப் பார்க்க ஓடினாங்க. விமானத்துல யார் இருக்காங்கன்னு மலை மேல ஒருத்தருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்துல சத்தம் நகரி மலைப் பக்கம் போயி, அடங்கிப்போச்சு.

மறுநாள் நகரி மலையில விறகு வெட்டப் போனவங்கதான் நொறுங்கிக் கெடந்த விமானத்த முதல்ல பார்த்தாங்க. அரக்கோணத்துலேர்ந்து ஒரு சிப்பாய் சைக்கிள்ல வந்து வீட்டு வாசல்ல நின்னு, பாவாவோட பேரைக் கேட்டான். அவன் தொப்பிய எடுத்தப்பவே, அதுல இருந்தது எங்க பையன்தான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அக்கா அடுப்படியிலேர்ந்து கைய துடைச்சுகினே வந்தா. அவ போட்ட சத்தத்த நான் சொல்ல மாட்டேன். பாவா அழுவல. உள்ள போயி சட்டை போட்டுகினு வந்து, "மச்சான், வண்டிய கட்டு"ன்னாரு. அரக்கோணம் வரைக்கும் குதிரைய நிறுத்தாம ஓட்டினேன். அங்க போயும் முகத்தப் பார்க்க விடல. பார்க்கிற மாதிரி இல்லன்னாங்க.

அதுக்கப்புறம் கூட்டுத்துணிய அவுத்துட்டாங்க. பாவா துரைகிட்ட போயி நேராவே கேட்டாரு. துணியாலயான்னு. துரை நல்ல மனுஷன், பொய் சொல்லல. "உன் பெட்டி அனுப்பற கரண்ட் ஒரே வழியா போயி முட்டிப் பார்க்குது. வார்னிஷுக்கு மேல கசிய வழி இல்லன்னா நல்லா இருக்குதுன்னு சொல்லிடுது. என் மிஷின் அனுப்பற அலை கண் மூடித் திறக்கறதுக்குள்ள கோடி தடவை முன்னும் பின்னும் ஆடுது. உள்ள மறைஞ்சிருக்கிற ஈரம் உன் பெட்டிக்குத் தெரியாது. என் அலைய அது குடிச்சுடலாம். குடிச்சுதான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. அன்னைக்கு மிஷினுக்குள்ளயும் ஒரு கோளாறு இருந்துச்சு. மேகமும் அப்படி. எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது"ன்னாரு. பாவா அத்த எனக்கு வார்த்தை மாறாம திருப்பிச் சொன்னாரு. சொல்லிட்டு, "யாராலயும் சொல்ல முடியாதாம் மச்சான்"ன்னு இன்னொரு தடவை சொன்னாரு.

அவுத்த துணியில ஒரு துண்ட கேட்டு வாங்கியாந்தாரு. எதையும் ரெண்டாவது தடவை பார்க்காதவரு, அதுக்கப்புறம் தினம் பார்த்தாரு. காஞ்ச துணியில பார்த்தாரு. பனியில போட்டு எடுத்துப் பார்த்தாரு. மழையில நனைச்சு, மேலாப்புல தொடைச்சுட்டுப் பார்த்தாரு. ஒவ்வொரு தடவையும் முள்ளு கடைசியில போயி நின்னுச்சு. அது ஒரு தடவையாவது விழணும்னு அவரு ஏங்கினத நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். விழுந்தா, நான்தான் கொன்னேன்னு ஒரேயடியா தெரிஞ்சுடும். அதுகூட அவருக்குக் கிடைக்கல. ஒரு நாள் பொறுக்க முடியாம, அந்தப் பெட்டிய தூக்கிக் கிணத்துல போட்டுடலாம் பாவான்னு சொல்லிட்டேன். "போட்டா?"ன்னு கேட்டாரு.

அக்கா கஞ்சின்ற வார்த்தையவே அப்புறம் எடுக்கல. நோம்புக்குக் கூட கஞ்சி வைக்க மாட்டா. நான் சொன்னேனேன்னு ஒரு பார்வை, ஒரு பெருமூச்சு, ஒண்ணும் காட்டினதில்ல. வேற பொம்பளையா இருந்தா சொல்லிச் சொல்லியே சாவடிச்சிருப்பா. இவ சொல்லாததுதான் அவரை இன்னும் உருக்குச்சோ என்னமோ.

சண்டை முடிஞ்சுது. மலையிலேர்ந்து எல்லாத்தையும் ஏறக்கட்டிகினு போயிட்டாங்க. மெட்ராஸ்காரங்க எல்லாம் திரும்பிப் போயாச்சு. டிராம் ஷெட்டுலேர்ந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க, பாவா போவல. மெலிஞ்சு, சட்டை தோள்ல நிக்காம வழிஞ்சுகினு இருந்தாரு. ஒரு நாள் மத்தியானம் சவாரி முடிச்சு சாப்பிட வந்தேன். பாவா துணிய மடியில போட்டுகினு சுத்திகினு இருந்தாரு. இலையில போட்ட சோறு ஆறிப்போயிருந்துச்சு.

அக்கா வந்து எதிர்ல உட்கார்ந்தா. கைப்பிடி மேல இருந்த அவரு கைய புடிச்சு நிறுத்தினா. என் எதிர்ல அவ அவரைத் தொட்டு நான் பார்த்ததில்ல.

"போதுங்க. அவன் போனது உங்களால இல்ல."

பாவா நிமிர்ந்தாரு. "எத்த வச்சு சொல்ற?"

"எத்தையும் வச்சு இல்ல. பெத்தவ சொல்றேன்."

அவரு அவ முகத்தையே பார்த்தாரு. நம்பிடணும் முருகா, இந்த ஒரு தடவை நம்பிடணும்னு நான் வாசப்படியில நின்னு வேண்டிகினேன். அவரும் நம்பத்தான் பார்த்தாரு.

"பத்தாதும்மே"ன்னாரு. கோவமா சொல்லல. அக்காவோட கைய மெதுவா எடுத்து அவ மடியில வச்சுட்டு, திரும்பவும் கைப்பிடிய சுத்த ஆரம்பிச்சாரு.